பினாங்கில் 1931-ல் மூடிய எங்கள் கைலிக்கடை: பழைய பேப்பரில் இன்னும் என்ன கிடைக்கும்?

நாகூர்ப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் சலாம், வணக்கம்.

எங்கள் குடும்பத்தில் ‘பினாங்கப்பா’ என்று ஒருவர் உண்டு. என் வாப்பாவின் உம்மாவைப் பெற்றவர். நாகூரிலிருந்து சபர் (கடல் கடந்து பிழைப்புக்கு) போய், ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் கைலிக்கடை வைத்திருந்தார். மலாய்க்காரர்கள் இன்றைக்கும் ‘காய்ன் பெலிக்காட்’ என்று உடுத்துகிறார்களே, அந்தப் பழவேற்காட்டுக் கைலிதான் சரக்கு. முதல் உலகப்போருக்கு முன்பே கடை இருந்தது. எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து சுட்ட அன்று (1914 அக்டோபர் 28) கடைப் பலகையைச் சாத்திவிட்டுக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் போய் உட்கார்ந்திருந்ததாக அவரே சொல்வாராம்.

வீட்டில் மிஞ்சியிருப்பது இரண்டு பொருள்கள். ஒன்று, பித்தளை முத்திரை. அதில் எழுத்து இடம் வலம் மாறி ‘மூ. கா.’ என்று வெட்டியிருக்கிறது. ஓரம் தேய்ந்து போய், இடுக்கில் இன்னும் கறுப்பு மை. இன்னொன்று, கடையின் கடிதத்தாள். மேலே ஆங்கிலத்தில் கடைப் பெயர், கதவு எண், தந்தி விலாசம். தேதி போடும் இடத்தில் ‘19’ மட்டும் அச்சாகி, மீதி காலியாக இருக்கிறது. பின்பக்கம் யாரோ அரிசிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

கடை எப்படிப் போனது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான். பினாங்கப்பா தம் அக்கா மகனையே கணக்குப் பார்க்க வைத்திருந்தார். அவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் வந்துவிட்டார், கடை முழுகியது. அந்த மருமகனின் பிள்ளைகள், பேரன்மார் எல்லோரும் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். அன்றிலிருந்து கொடுக்கல் வாங்கல் இல்லை, கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை, மவுத்துக்கு (இறப்புக்கு) மட்டும் ஆண்கள் போய்வருவார்கள். இப்போது அந்த வீட்டுப் பெண்ணும் என் மகளும் ஒரே கல்லூரி, உயிர்ச் சிநேகிதிகள். அவளை வீட்டுக்குள் விட மாட்டேன் என்கிறார் எங்கள் மாமி (வாப்பாவின் அக்கா, வயது 87). அதனால்தான் தேட ஆரம்பித்தேன்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில், 1931-ஆம் வருடப் பினாங்கு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு சின்ன அறிவிப்பு கிடைத்தது. தலைப்பு ‘ரிசீவிங் ஆர்டர்’. கீழே ஒரு எண், அந்த வருடம். அப்புறம் ‘மூனா கானா’ என்று தொடங்கி பினாங்கப்பாவின் பெயர், துணி வியாபாரி என்ற குறிப்பு. கதவு எண் கடிதத்தாளில் உள்ளதேதான். ‘எக்ஸ் பார்ட்டே’ என்று போட்டு ஒரு செட்டியார் பெயர். முதல் கூட்டத்துக்குத் தேதி. கடைசியில் அஃபீஷியல் அசைனி, பினாங்கு. மருமகன் பெயர் எங்குமே இல்லை.

இது அவர்தானா? இதை எப்படிப் படிப்பது? மருமகனைப் பற்றி எதுவும் கிடைக்க வழி உண்டா? முழுப் பெயர்களை இங்கே போட எனக்கு விருப்பமில்லை, ரெண்டு வீட்டுக்காரர்களும் இணையத்தில் இருக்கிறார்கள்.

பழைய குமாஸ்தா எழுதியது:

தங்கச்சி, விலாசமும் (பெயருக்கு முன்னால் வரும் ‘மூ. கா.’ எழுத்து) கதவு எண்ணும் சேர்ந்து ஒத்துப்போகிறதென்றால் அவரேதான். வேறு ஆதாரம் வேண்டாம். நான் ஜார்ஜ்டவுனில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி அறிவிப்புகளோடு என் வாழ்க்கையில் பாதி போயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எக்ஸ் பார்ட்டே என்பதற்குப் பின்னால் வரும் பெயர் மனுப் போட்டவருடையது. கடன் கொடுத்த செட்டியார் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். உங்கள் பாட்டனார் தாமாகவே மஞ்சள் கடுதாசி கொடுத்திருந்தால் அந்த இடத்தில் கடனாளி என்றே இருந்திருக்கும். இன்னொன்று, ரிசீவிங் ஆர்டர் வந்தவுடனே ஆள் திவால் என்று அர்த்தமில்லை. கடை, சரக்கு, பேரேடு எல்லாம் அஃபீஷியல் அசைனி என்ற அரசு அதிகாரி கைக்குப் போகும். பிறகு கடன் கொடுத்தவர்கள் கூடிப் பேசுவார்கள். வெள்ளிக்கு (டாலருக்கு) இத்தனை காசு என்று ஒத்துக்கொண்டு முடிப்பதும் உண்டு, முடியாமல் திவால் என்று அறிவிப்பதும் உண்டு. அதன் பிறகு பங்கு பிரித்துக் கொடுக்கும் அறிவிப்பு, கடைசியில் விடுதலை அறிவிப்பு. இவை ஒவ்வொன்றும் பேப்பரிலும் வரும், ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (அன்று பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்திருந்த ஆட்சி) அரசு கெஸட்டிலும் வரும். எல்லாவற்றிலும் அந்த எண் மாறாது. ஆகையால் இனிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அந்த எண்ணையும் வருடத்தையும் வைத்து 1931-லிருந்து ஒரு ஏழெட்டு வருடம் முன்னோக்கிப் போங்கள்.

பெயரை ஏன் நம்பக்கூடாது என்று சொல்கிறேன். நம் ஆட்கள் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். காதர் என்ற ஒரே பெயர் கே-யில் தொடங்கும், சி-யில் தொடங்கும், நடுவில் ‘டி’ வரும், ‘டி-ஹெச்’ வரும். முகைதீன் மைடின் ஆவார், மொய்தீன் ஆவார். மரைக்காயர் பினாங்கில் மெரிக்கனாகவே நிலைத்துவிட்டார். இதற்கு மேல் கணினி பழைய அச்சைப் படிக்கும்போது சி-யை ஓ என்று படித்துவிடும். விலாச எழுத்துதான் கொஞ்சம் நிலையாக நிற்கும். மூனா, கானா, ஆவன்னா, வாவன்னா என்று எழுத்தின் பெயரையே ஆங்கிலத்தில் எழுதினார்கள், செட்டியார்கள் விஷயத்திலும் அப்படித்தான். தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். 19-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறீர்கள் என்றால் ‘கிளிங்’, ‘சூலியா’ என்ற சொற்களையும் போட்டுப் பார்க்கவேண்டும். முதல் சொல் இன்று நம்மை ஏசும் சொல், ஆனால் அன்றைய பேப்பரில் நம் கடைக்காரரை அப்படித்தான் எழுதினார்கள்.

இப்போது மருமகன் விஷயம். இதை நிதானமாகக் கேளுங்கள்.

கடையில் முதலாளிக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் ஆளுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருப்பார்கள். அந்த ஆள் மேல் நம்பிக்கை போய்விட்டால், முதலாளி முதலில் ஓடுவது வக்கீலிடம்தான். இன்ன தேதியிலிருந்து இன்னாருக்குக் கொடுத்த அதிகாரம் ரத்து, அவர் வாங்கும் கடனுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பேப்பரில் அறிவிப்புப் போட்டுவிடுவார்கள். போடாவிட்டால் அவர் வெளியே போய் உங்கள் பெயரில் கடன் வாங்கலாம், யாரும் கேட்க முடியாது. அப்படி ஒரு அறிவிப்பு 1930, 31-ல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது போலீஸ் கோர்ட்டுச் செய்திகள். கணக்கப்பிள்ளை பணத்தை எடுத்தால் நம்பிக்கை மோசடி, 408-ஆம் பிரிவு, இந்தியாவில் இருந்த அதே சட்டம்தான் இங்கேயும். இந்த இரண்டும் இல்லையென்றால் மருமகன் குற்றமற்றவர் என்று நிரூபணம் ஆகிவிடாது. சொந்த அக்கா மகன் என்று முதலாளி விட்டிருக்கலாம். ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பொது விசாரணை. கடனாளியைக் கோர்ட்டில் நிறுத்தி, ஏன் நொடித்தது, பணம் எங்கே போனது, கணக்கு யார் எழுதியது என்று அஃபீஷியல் அசைனி கேட்பார். பேப்பர்காரர் வந்து உட்கார்ந்திருந்தால் கேள்வியும் பதிலும் ஓரளவு அச்சில் வரும். நம் பாட்டன்மார் வாயிலிருந்து வந்த வார்த்தை அந்தக் காலப் பேப்பரில் பதிவாகியிருக்கும் இடம் இது ஒன்றுதான், நான் பார்த்த அளவில். வழக்கமான நாளில் ஒரு கைலிக்கடைக்காரரைப் பற்றி எழுத அவர்களுக்கு என்ன இருந்தது? கடை பற்றி எரிந்தால், தராசில் குறை இருந்தால், ஐந்தடி நடையில் (கடை முன் நடைபாதையில்) சரக்கை அடுக்கி அபராதம் கட்டினால், கடன் கட்ட முடியாமல் போனால் எழுதுவார்கள். முப்பது வருடம் ஒழுங்காகக் கடை நடத்தியதை யாரும் எழுதவில்லை. அதனால் பேப்பரில் பார்ப்பதை வைத்து அவரை எடை போடாதீர்கள்.

வெட்கப்படவும் வேண்டாம். 1930-லிருந்து 1933 வரை எந்த மாதப் பேப்பரை எடுத்தாலும் இந்த அறிவிப்புகள் வரிசையாக நிற்கும். ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போனது. தோட்டத்து ஜனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களை நம்பித்தான் தோட்டத்துச் சில்லறைக் கடைகள், அந்தக் கடைகளை நம்பித்தான் சூலியா தெரு.

விக்டோரியா தெரு வாசகன் எழுதியது:

சகோதரி, குமாஸ்தா ஐயா சொன்னதோடு சில நடைமுறை விஷயங்கள். அந்தத் தளத்தில் தேடல் முடிவை விளம்பரம், செய்தி, மரண அறிவிப்பு என்று பிரித்துப் பார்க்கலாம். செய்தியை மட்டும் பார்க்காமல் விளம்பரத்தைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள், நோட்டீஸ்கள் பாதி அங்கேதான் விழுந்திருக்கும். ஒரு துண்டு கிடைத்ததும் அதோடு நிறுத்தாமல் முழுப் பக்கத்தையும் திறந்து அக்கம்பக்கம் படியுங்கள். என் தாத்தாவின் புத்தகக் கடையைத் தேடிப் போனபோது, பக்கத்தில் வேறொரு ஏல அறிவிப்பில்தான் அவர் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் யார் என்பது தெரியவந்தது.

தமிழ்ப் பத்திரிகைகள் என்றால், ‘சிங்கை நேசன்’ 1887 ஜூன் 27 முதல் 1890 வரை வந்தது, மகுதூம் சாயபு நடத்தியது. அது முழுவதும் நம் கடைக்காரர்கள், கப்பல், பள்ளிவாசல், சண்டை சச்சரவு என்று போகும். உங்கள் பாட்டனார் காலத்துக்கு முந்தியது, இருந்தாலும் அவருடைய வாப்பாவும் சபராளி என்றால் பாருங்கள். ‘தமிழ் முரசு’ 1935-ல் தொடங்கியது. தமிழ் எழுத்தைக் கணினி சரியாகப் படிப்பதில்லை, அதனால் தேடுபெட்டியை மறந்துவிட்டுப் பக்கம் பக்கமாகத்தான் புரட்டவேண்டும். நாகூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: உங்கள் ஊர் குலாம் காதிறு நாவலரும் 1880-களில் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ பத்திரிகையை நடத்தினார்.

பயணிகள் பட்டியலில் தேட வேண்டாம். பேப்பரில் பெயர் போட்டது மேல் வகுப்புப் பயணிகளுக்குத்தான். கப்பலின் மேல்தளத்தில் வந்த நம் ஆட்களை மொத்தமாக இத்தனை பேர் என்று எண்ணிவிட்டுப் போய்விட்டார்கள்.

தேவகோட்டைக்காரன் எழுதியது:

கடன் கொடுத்த பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) சின்ன வயதில் பினாங்குத் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கட்டடம்) பெட்டியடிப் பையனாக இருந்தவர். செட்டியார் மனுப் போட்டார் என்றதும் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருடங்களில் பாங்கு எங்களை நெருக்கியது, ஊரில் நடப்பு வட்டிக்குப் பணம் போட்டவர்களும் திருப்பிக் கேட்டார்கள். பல முதலாளிகளுக்குப் பணத்துக்குப் பதிலாக ரப்பர் தோட்டம்தான் கைக்கு வந்தது, அந்த ரப்பருக்கோ விலை இல்லை. ஐயா சொல்வார்: சூலியாத் தெருக் கடைகளோடு பத்து, இருபது வருட வரவு செலவு இருக்கும், பெருநாளைக்குப் பிரியாணியும் தீபாவளிக்குப் பலகாரமும் போய்வரும், அப்படிப்பட்ட கடை மேல் மனுப் போட்டுவிட்டு மேலாள் (கடை நிர்வாகி) அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அக்கா, அந்தச் செட்டியாரின் விலாச எழுத்தை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். விலாசம் இருந்தால் எந்த ஊர், எந்தக் கோயில் பிரிவு என்று கண்டுபிடித்துவிடலாம். பேரேடு தப்பியிருந்தால் அதில் உங்கள் பாட்டனாருக்குத் தனிப் பற்று வரவு இருக்கும். கறையான் தின்னாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நாகூர்ப் பேத்தி எழுதியது:

குமாஸ்தா காக்கா (அண்ணன்), நீங்கள் சொன்னபடி எண்ணை வைத்துத் தேடினேன். பொது விசாரணை கிடைத்துவிட்டது. அரைப் பத்தி இருக்கும். நான் எழுதுவது சுருக்கம்தான், நீங்கள் தளத்தில் முழுசாகப் படிக்கலாம், இணைப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பினாங்கப்பா தமிழில் பேசியிருக்கிறார், மொழிபெயர்ப்பாளர் வைத்து. வியாபாரம் படுத்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டதற்கு, கெடா பக்கத்துத் தோட்டக் கடைகளுக்குக் கடனாகக் கொடுத்த கைலிக்குப் பணம் வரவில்லை என்கிறார். கணக்கு யார் எழுதியது? அக்கா மகன். அவர் எங்கே? ஊருக்குப் போய்விட்டார், ஒரு வருடச் சம்பளம் அவருக்குப் பாக்கி. பேரேட்டில் 1930-ல் 1,800 வெள்ளி எடுத்திருக்கிறதே, எந்தச் சரக்கும் வரவில்லையே, அது என்ன என்று அசைனி கேட்கிறார். அதற்கு இவர் சொன்ன பதில்: என் மகள் கல்யாணச் செலவுக்கு ஊருக்கு அனுப்பச் சொன்னேன், அவன் அனுப்பினான்.

அந்த மகள் என் வாப்பாவின் உம்மா. மாமியைப் பெற்றவர். பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரை, அதாவது கல்யாணப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன், கல்யாணம் 1930-தான். அந்தக் கல்யாணத்தைப் பற்றி மாமி இன்றைக்கும் பெருமையாகப் பேசுவார். பினாங்கிலிருந்து வந்த கண்ணாடி அலமாரி, காசு மாலை, மூன்று நாள் சாப்பாடு. அந்த அலமாரி மாமி அறையில்தான் இருக்கிறது. அந்தச் செலவைத்தான் திருட்டு என்று இத்தனை காலம் இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டியிருக்கிறோமா? ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதிகாரம் ரத்து என்ற அறிவிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. போலீஸ் கோர்ட்டுச் செய்தியும் இல்லை.

இதை இப்படியே எடுத்துப்போய் மாமியிடம் படித்துக் காட்டலாமா?

பழைய குமாஸ்தா எழுதியது:

இணைப்பைப் பார்த்தேன், தங்கச்சி. நான் இரண்டு பக்கத்தையும் சொல்லவேண்டும்.

கோர்ட்டில் கடனாளி சொல்வது அவருக்குச் சௌகரியமான பதிலாகவும் இருக்கலாம். மருமகன் உண்மையிலேயே எடுத்திருந்து, அக்காவின் முகத்துக்காக மாமன் அதைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்த மாமன்மாரை நான் பார்த்திருக்கிறேன். நிருபர் கேட்டது பாதி, எழுதியது பாதியாகவும் இருக்கும்.

ஆனால் கல்யாண வருடம் ஒத்துப்போகிறது. சம்பளப் பாக்கி என்று அவரே சொல்கிறார், அதை மறைத்திருந்தால் கடன் பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருக்கும். எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் படுகிறது. சம்பளம் வாங்காமல் ஒரு வருடம் கணக்கு எழுதியவன் ஓடிப்போனவன் மாதிரி தெரியவில்லை. எப்படியிருந்தாலும், கோர்ட்டில் நின்று மருமகன் மேல் அவர் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அதை மாமிக்குச் சொல்லலாம். சுருட்டினாரா இல்லையா என்று வாதாடவேண்டாம். உங்கள் அப்பா இப்படித்தான் சொன்னார் என்று மட்டும் படித்துக் காட்டுங்கள். நாகூரில் தாய்வழிப் பாட்டனையும் அப்பா என்றுதானே சொல்வீர்கள்?

அலமாரிப் பேச்சை எடுக்காதீர்கள். அந்தக் கல்யாணம் அவருடைய உம்மாவின் கல்யாணம்.

வழக்குக் கோப்பு பிழைத்திருக்கிறதா என்று மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பினாங்கு சுப்ரீம் கோர்ட்டு, திவால் வழக்கு, எண், வருடம், பேப்பரில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் அப்படியே. உங்கள் வீட்டு எழுத்துக்கூட்டலைப் போடவேண்டாம். கடன் பட்டியலில் மருமகன் பெயரும் பாக்கித் தொகையும் கையால் எழுதி இருந்தால், அது பேப்பர் செய்தியைவிடப் பெரிய சாட்சி. கடிதம் எழுத உதவி வேண்டுமானால் சொல்லுங்கள், மலாயில் நான் எழுதித் தருகிறேன்.

நாகூர்ப் பேத்தி எழுதியது:

ஆமாம் காக்கா, அப்பா என்றுதான் சொல்வோம். கடிதத்தை நீங்களே எழுதித் தாருங்கள், எண்ணும் எழுத்துக்கூட்டலும் தனிச் செய்தியில் அனுப்பிவிட்டேன். தேவகோட்டைத் தம்பிக்கும் விலாசம் அனுப்பியாயிற்று.

மாமியிடம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு படித்துக் காட்டப்போகிறேன், வாப்பாவும் கூட இருப்பார். அந்த வீட்டுப் பிள்ளையிடம் அவர்கள் வீட்டில் பழைய கடிதம், ரசீது ஏதாவது இருக்கிறதா என்று என் மகள் கேட்டிருக்கிறாள். பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம், சாவி இல்லை, பூட்டை உடைக்க அவளுடைய பெரிய வாப்பாவின் சம்மதம் வாங்கவேண்டுமாம். கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.